தாய் சேர்க்காத கன்று

வேதப் பகுதிகள்: ஏசாயா 49:15, சங்கீதம் 27:10, எரேமியா 14:5



நம் பரவை, சமயநல்லூர், தேனூர், சோழவந்தான் பக்கங்களில் மாடு வைத்திருக்கிற குடும்பங்கள் இன்றும் அநேகம். சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் காசில்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் நோட்டும் புத்தகமும் வருகிறது. ஆகவே இந்த மாதம் உங்கள் தொழுவத்திலேயே நடக்கிற ஒரு காரியத்தைக் கொண்டு தேவ வார்த்தையைத் தியானிப்போம்.

மாடு கன்று போட்டுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஈரம் காயாத கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடிப் போகிறது. தாய் உதைக்கிறது. கன்று விழுந்து எழுந்து மறுபடியும் போகிறது. இந்தத் தடவை கொம்பால் முட்டித் தள்ளுகிறது. நக்கவும் இல்லை, பால் விடவும் இல்லை. அப்போது வீட்டம்மா வாசலில் வந்து சொல்லுவார்கள், "என்னன்னு தெரியலையே, மாடு கன்னைச் சேக்க மாட்டேங்குது!"

பசுவின் பாசம் பெரியது என்று நாம் அறிவோம். கன்றை இழந்த பசு நீதி கேட்டு மணி அடித்ததாகச் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். 1 சாமுவேல் 6-ம் அதிகாரத்தில் இரண்டு கறவைப் பசுக்கள் கர்த்தருடைய பெட்டியை இழுத்துக்கொண்டு பெத்ஷிமேசுக்குப் போகின்றன. கன்றுகளோ வீட்டில் அடைபட்டிருக்கின்றன. அந்தப் பசுக்கள் வழிநெடுகக் கத்திக்கொண்டே போயின என்று வேதம் எழுதி வைத்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட பாசமுள்ள பசுவும் சில வேளையில் தன் கன்றைத் தள்ளுகிறது.

ஏசாயாவின் வசனத்தைக் கவனியுங்கள். பெற்றவள் தன் குழந்தையை மறப்பாளோ என்று தேவன் கேட்கிறார். "மறக்கவே மாட்டாள்" என்று அவர் அங்கே முடித்துவிடவில்லை. மறந்துபோகிறவர்களும் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் தாம் மறப்பதேயில்லை என்று உறுதி சொல்லுகிறார். நம் தேவன் நடப்பதை நடப்பதாகவே பார்க்கிறவர். தாய் தள்ளின கன்றும் உண்டு, வீடு தள்ளின மனுஷனும் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

அப்படியானால் தள்ளப்பட்டதை எப்படிப் பிழைக்க வைப்பது? மாடு வளர்க்கிற சகோதரிகளிடமே நாம் நாலு பாடங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

1. தாயைத் திட்டாதே, காரணத்தைப் பார்

கன்றைச் சேர்க்காத மாடு பெரும்பாலும் தலையீத்து மாடாக இருக்கும். அதற்கு இது முதல் பிரசவம். வயிற்றிலிருந்து விழுந்து நெளிகிற இது என்ன என்றே அதற்குத் தெரியாது, பயப்படுகிறது. சில மாட்டுக்கு மடி நீர்கோத்துக் கல்லுப் போல வீங்கியிருக்கும். கன்று வாய் வைத்தவுடனே உயிர் போகிற வலி, அதனால் உதைக்கிறது. சில மாடு கன்று வெளியே வராமல் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டு, நிற்கவே தெம்பில்லாமல் இருக்கும். இன்னும் சில இடங்களில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும், நாய் குரைக்கும். தாய் நக்கி வாசம் பிடிப்பதற்கு முன்னே கன்றைத் தூக்கித் தூரமாய்க் கட்டிவிடுவார்கள். அந்த முதல் சில மணி நேரத்தில் நக்கி நக்கித்தான் பசு "இது என் கன்று" என்று அறிகிறது. அது தப்பிப்போனால் தன் கன்றே அதற்கு அந்நியமாகிவிடும்.

எரேமியா 14:5-ல் வனாந்தரத்து மான் ஒன்று வருகிறது. குட்டி போட்டுவிட்டு, அதை விட்டுவிட்டுப் போகிறது. காரணத்தையும் வேதமே சொல்லுகிறது: புல் இல்லை. மழை இல்லாத தேசத்தில் தாய்க்கே தீனி இல்லை. மான் கொடியது என்று தீர்க்கதரிசி சொல்லவில்லை, தேசத்தின் பஞ்சத்தைக் காட்டுகிறார். வைகை வறண்ட வருஷங்களைப் பார்த்த நமக்கு இது புரியும்.

பிரியமானவர்களே, நம் மதுரைச் சீமைக்கு இதில் ஒரு துக்கமான சரித்திரம் உண்டு. 1986-ம் ஆண்டு உசிலம்பட்டி பக்கத்துப் பெண்சிசுக் கொலையைப் பற்றி இந்தியா டுடே பத்திரிகை எழுதியபோது தேசமே திடுக்கிட்டது. எல்லாரும் அந்தத் தாய்மாரைத் தூற்றினார்கள். கொலை பாவம்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்தத் தாய்க்குப் பின்னால் வரதட்சணை நின்றது, வறுமை நின்றது, "இதுவும் பொட்டப் பிள்ளையா" என்று முகத்தைத் திருப்பின குடும்பம் நின்றது. புல் இல்லாத தேசம் அது! 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கி, பின்பு மதுரை உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. "வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ" என்று சொன்ன திட்டம் அது. தூற்றின வாய்கள் ஒரு குழந்தையையும் பிழைக்க வைக்கவில்லை. யாரோ ஒருவர் தொட்டில் கட்டி வைத்ததினால் குழந்தைகள் பிழைத்தன.

இன்னொரு காரியத்தையும் தைரியமாய்ச் சொல்லுகிறேன். பிள்ளை பெற்ற சில இளம் தாய்மார் குழந்தை முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்கள். காரணமில்லாமல் அழுவார்கள், பால் கொடுக்க மாட்டார்கள், தூக்கம் இராது. உடனே நம் ஜனங்கள், "பிசாசு பிடிச்சிருச்சு, ஐயாவைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள். ஜெபியுங்கள், கட்டாயம் ஜெபியுங்கள். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு சரீரத்தில் உண்டாகும் மாற்றத்தினாலும் தூக்கமில்லாமையினாலும் ஆதரவில்லாமையினாலும் வருகிற மனச்சோர்வு ஒரு வியாதி. அதற்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு. அவளைத் தனியே விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணுக்குப் போன் செய்து பேசலாம். வீங்கின மடியோடு நிற்கிற மாட்டைப் பிசாசு என்று நாம் அடிப்பதில்லையே! மனுஷிக்கு அந்த இரக்கத்தையாவது காட்ட வேண்டாமா?

2. சீம்பாலுக்கு நேரம் உண்டு

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது" என்று நம்பி, மாடு தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்று படுத்துத் தூங்கினால், விடியும்போது கன்று இராது. விவரம் தெரிந்த சகோதரி முதலில் என்ன செய்வார்கள்? தாய் நக்காததினால் தாங்களே வைக்கோலாலும் சாக்காலும் கன்றை நன்றாய்த் துடைத்து, உடம்பில் சூடு வரத் தேய்த்து, தொப்புளில் டிஞ்சர் அயோடின் வைப்பார்கள். உடனே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாட்டண்டை போய்ச் சீம்பாலைக் கறப்பார்கள்.

ஏன் இந்த அவசரம்? மனுஷக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அது கிடையாது. பசுவின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடுவதில்லை. கன்று வெறுங்கையாய்ப் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அந்தச் சக்தியை அப்படியே இரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும்படி கன்றின் குடலில் தேவன் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். முதல் ஆறு மணி நேரத்துக்குள் அது நன்றாய்த் திறந்திருக்கும். நேரம் போகப் போக மூடிக்கொண்டே வந்து, ஒரு நாள் கழிந்தால் அடைபட்டுப்போகும். அதற்குப் பிறகு குடம் குடமாய்ச் சீம்பால் ஊற்றினாலும் அது ஆகாரமாகும், கேடகமாகாது. ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் சுமார் இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாய்ப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்களில் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் கன்றுக்குப் பால் காட்டக் கூடாது என்பது. கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம், அதற்குள் வாசல் மூடிக்கொண்டிருக்கும். காத்திருக்க வேண்டாம். இரண்டாவது, சீம்பாலைக் கறந்து, காய்ச்சித் திரட்டி, கருப்பட்டி போட்டுத் தெருவெல்லாம் கொடுத்துச் சாப்பிடுவது. கன்று குடித்த மிச்சத்தைச் சாப்பிடுங்கள், தப்பில்லை. கன்றின் பங்கைச் சாப்பிடாதீர்கள்! கன்றுக்குக் கொடுக்கிற சீம்பாலைக் கொதிக்கவும் வைக்கக் கூடாது, கொதித்தால் அதன் சக்தி போய்விடும். ஆறிப்போயிருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

தாய் மாட்டில் சீம்பாலே இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் புதிதாய்க் கன்று போட்ட நோயில்லாத மாட்டின் சீம்பாலை வாங்கிவந்து கொடுப்பார்கள். அதுவும் கிடைக்காதபோது பாலில் தண்ணீரும் முட்டையும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கிற வழக்கமும் உண்டு. அது பசியை ஆற்றும். ஆனால் சீம்பாலில் இருக்கிற அந்தப் பாதுகாப்பை அது தராது.

இப்போது ஆவிக்குரிய காரியத்துக்கு வாருங்கள். ஒரு வாலிபன் விசுவாசத்தினிமித்தம் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில் எல்லாரும் கைதட்டினார்கள், பாடினார்கள், அல்லேலூயா சொன்னார்கள். அன்று இராத்திரி அவன் துணிமணி தெருவில் கிடக்கிறது. திங்கட்கிழமை சாப்பாட்டுக்கு அவன் எங்கே போவான்? "அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவனுக்காக விசேஷித்த ஜெபம் பண்ணுவோம்" என்றால் ஆறு நாள் ஆகிவிடுமே! வாசல் மூடிவிடும், பிரியமானவர்களே. அந்த இராத்திரியே ஒரு பாயும் ஒரு தட்டுச் சோறும் வேண்டும். தோளில் கை போட்டு, "தம்பி, நாங்க இருக்கோம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதுதான் சீம்பால். ஒரு மாதம் கழித்துக் கொடுக்கிற பெரிய பிரசங்கம் அதற்கு ஈடாகாது.

யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தில் மோசேயின் அக்காளைப் பாருங்கள். பார்வோனின் குமாரத்தி பெட்டியைத் திறக்கிறாள், குழந்தை அழுகிறது. அந்தச் சிறு பெண் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. பால் கொடுக்க ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று அங்கேயே கேட்கிறாள், போகிறாள், பெற்ற தாயையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறாள். அழுகிற குழந்தைக்கும் பாலுக்கும் நடுவில் ஓடுகிற அந்தச் சிறுபெண்ணைப் போன்றவர்கள் ஒவ்வொரு சபைக்கும் வேண்டும்.

3. விரலை நனைத்து ஊட்டு

தாய் சேர்க்காத கன்றுக்குப் பாத்திரத்தில் குடிக்கத் தெரியாது. மடியைத் தேடி மேலே முட்டத்தான் அதற்குத் தெரியும். முன்னால் வாளியை வைத்துவிட்டு, "குடிக்கட்டும்" என்று போய்விட்டால் கன்று பாலுக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடக்கும். பழகினவர்கள் கையை நன்றாய்க் கழுவி, இரண்டு விரலைச் சீம்பாலில் நனைத்துக் கன்றின் வாயில் வைப்பார்கள். அது காம்பு என்று நினைத்துச் சப்பும். சப்பச் சப்பக் கையை மெல்ல வாளிக்குள் இறக்குவார்கள். விரலோடு பாலும் வாய்க்குள் போகும். கொஞ்ச நேரத்தில் விரலை மெதுவாய் உருவிவிடுவார்கள். கன்று துப்பும், தும்மும், தலையை ஆட்டிப் பாலை மேலெல்லாம் கொட்டும். மறுபடியும் விரல் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தானாகக் குடிக்கப் பழகிவிடும்.

அவசரக்காரர் சிலர் கன்றின் வாயைப் பிளந்து, தலையை அண்ணாத்திப் பிடித்து, மூங்கில் குழாயால் மடமடவென்று ஊற்றுவார்கள். பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பசியால் சாகாத கன்று பாலால் செத்துப்போகும்! பாட்டிலில் கொடுத்தாலும், தாயின் மடியில் குடிக்கும்போது தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த அளவில்தான் பிடிக்க வேண்டும்.

புதிதாய் வந்த ஆத்துமாவுக்கு முதல் வாரத்திலேயே வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு முத்திரைகளையும், இருபத்தோரு நாள் உபவாசத்தையும், நகை போடலாமா கூடாதா என்கிற வழக்கையும் வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். பவுல் கொரிந்தியருக்குப் பால்தான் கொடுத்தேன் என்கிறார் (1 கொரி. 3:2). தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, பிள்ளைகளைப் பாராட்டி வளர்க்கிற தாயைப் போல் தாம் நடந்ததாகச் சொல்லுகிறார் (1 தெச. 2:7). எத்தனை பெரிய அப்போஸ்தலன், விரலை நனைத்து ஊட்ட அவர் வெட்கப்படவில்லை!

நம் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு சகோதரியின் தொழுவத்தில் இதை நேரில் பார்த்தேன். கிடேரிக் கன்று, மெலிந்து எலும்பும் தோலுமாய் இருந்தது. அந்த அம்மா அலாரம் வைத்து, இராத்திரி பத்து மணிக்கும் மறுபடி விடியற்காலை மூணு மணிக்கும் எழுந்து ஊட்டினார்கள். "தூக்கம் கெடுதேம்மா" என்றேன். "ஐயா, அதுக்கு வாய் இருந்தா என்னைக் கூப்பிட்டிருக்கும். வாய் இல்லாததுனால நான்தானே எந்திரிக்கணும்" என்றார்கள். எத்தனை உண்மை! தள்ளப்பட்டவர்கள் அநேகர் நம்மைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடக் கூச்சம். நாம்தான் எழுந்திருக்க வேண்டும்.

4. தாயோடு சேர்க்கப் பார்

கன்றுக்கு நாம் ஊட்டிவிட்டோம், இனி தாய் எதற்கு என்று விவசாயி நினைப்பதில்லை. கன்றின் முதுகில் உப்புத் தண்ணீரோ கருப்பட்டியும் தவிடுமோ தடவித் தாயின் முன்னே விடுவார்கள், ருசிக்கு நக்க ஆரம்பிக்கட்டும் என்று. மடி கனத்திருந்தால் கொஞ்சம் பீய்ச்சி வலியைக் குறைப்பார்கள். மாட்டைச் சின்னக் கயிற்றில் கட்டி, பின்னங்காலை அணைத்துக் கட்டி, பக்கத்தில் ஆள் நின்றுகொண்டு கன்றை ஊட்ட விடுவார்கள். மற்ற நேரத்தில் தாயின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கொம்பு எட்டாத இடத்தில் கன்று இருக்கும். அநேக மாடுகள் சில நாளில் மனம் மாறிச் சேர்த்துக்கொள்ளும். மடி சூடாய்ச் சிவந்து, பால் திரிந்து வந்தால் அது மடிநோய். கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

முன்காலத்தில் கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னே நிறுத்திப் பால் கறப்பார்கள். வைக்கோல் கன்று என்பார்கள். தாயும் அதை நக்கிக்கொண்டு பால் விடும். நமக்குப் பால் கிடைக்கும், ஆனால் அந்தக் கன்று ஒருநாளும் வளராது. தள்ளப்பட்ட ஒருவனைச் சாட்சி சொல்ல மேடையில் நிறுத்திவிட்டு, அவன் சாப்பிட்டானா என்று கேட்காத சபை, வைக்கோல் கன்றை வைத்துப் பால் கறக்கிற சபை. நமக்கு அது வேண்டாம்.

துரத்தப்பட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவன் தகப்பனையும் தாயையும் பற்றி அவனிடம் தாழ்வாய்ப் பேசாதீர்கள். "போய்ப் பாருப்பா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு வா" என்று அனுப்புங்கள். முட்டினாலும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கட்டும். இன்றைக்குக் கதவைச் சாத்தின தகப்பன், மகன் திரும்பத் திரும்ப மரியாதையாய் வந்து நிற்பதைப் பார்த்து ஒரு நாள் மனம் இரங்கலாம். சங்கீதம் 27:10-ல் தாவீது, பெற்றோர் கைவிட்டாலும் கர்த்தர் தன்னைச் சேர்த்துக்கொள்வார் என்று நம்புகிறான். அந்தச் சேர்த்துக்கொள்ளுதல் ஒரு மனுஷனுடைய கையின் வழியாகத்தான் நம் தெருவுக்கு வருகிறது. அந்தக் கை உங்கள் கையாய் இருக்கட்டுமே!

நம் இரட்சகர் பிறந்தபோது சத்திரத்தில் இடமில்லை, மாட்டின் தீவனத் தொட்டியில் அவரைக் கிடத்தினார்கள். தொழுவத்தின் வாசம் அவருக்குத் தெரியும். தமக்குச் சொந்தமானவர்கள் ஏற்றுக்கொள்ளாமல் போன வேதனையும் அவருக்குத் தெரியும். ஆகவே தள்ளப்பட்டவனே, தள்ளப்பட்டவளே, நீ தனியாய் இல்லை.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டாரும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் வீடு சேர்க்காத ஒருவர் யார் என்று பாருங்கள். விதவையாய் இருக்கலாம், புது விசுவாசியாய் இருக்கலாம், குழந்தையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிற பச்சை உடம்புக்காரியாய் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்திராமல், இன்றைக்கே போங்கள். வெறுங்கையாய்ப் போகாதீர்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, தாய் மறந்தாலும் மறவாத உம்முடைய இருதயத்தை எங்களுக்குத் தாரும். தள்ளப்பட்டவர்களை வாசல் மூடுமுன் சென்று தாங்க எங்களை எழுப்பும். தள்ளினவர்களின் காயத்தையும் ஆற்றும். எங்கள் வீடுகளையும், தொழுவங்களையும், வாயில்லா ஜீவன்களையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.